அத்தானின் ஓரக் குறிப்புகள்

என் அக்காவைக் கட்டியவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அங்கே லென்ஸ் தேய்ப்பது என் வேலை. ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கும் அத்தானுக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி ஒரே புத்தகம்தான்: தலையணை பருமனில் ஒரு பழைய நாவல். பதினோரு முறை படித்துவிட்டார். மனித சுபாவம் முழுக்க அதில் இருக்கிறதாம்.

படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். நாவலில் ஒருவன் பொய் சொன்னால் ஓரத்தில் ‘பால்காரர்’ என்று எழுதுவார். பக்தி வேஷம் போடுகிறவனுக்கு நேராக ‘சபைப் பொருளாளர்’. பொறாமைக்காரிக்கு ‘எதிர்வீட்டு டீச்சர்’. சோம்பேறிகள் வரும் இரண்டு இடங்களில் நான் இருக்கிறேன். சாகக் கிடக்கும் தம்பியை மன்னிக்காத அண்ணன் வரும் பக்கத்தில் மட்டும் ஓரம் காலி.

“இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரன நான் நேர்ல பாத்ததில்லப்பா,” என்று என்னிடமே சொன்னார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்கு ஒரு தம்பி உண்டு, தையற்காரர். அவர்கள் அப்பாவின் அடக்க ஆராதனையில் அத்தான் வேதாகமத்திலிருந்து வாசிக்க வேண்டிய சங்கீதத்தை, அவர் பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி எழுந்து வாசித்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷமாகிறது.

அந்தத் தம்பிக்குத்தான் சனிக்கிழமை இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். பார்வை திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. “அண்ணன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டு உள்ள போறேன் அண்ணி,” என்று அக்காவிடம் போனில் கேட்டிருக்கிறார்.

அக்கா சொன்னபோது அத்தான் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

“ஞாயித்துக்கிழம சபையில பேசணும். மன்னிப்பப் பத்தி. அத முடிச்சிட்டுப் போறேன்.”

“அவருக்குக் கண்ணக் கட்டின அப்புறமா?”

“மன்னிக்கிறதுன்னா சும்மாவா? மனசு தயாராக வேண்டாமா?”

ஞாயிற்றுக்கிழமை பேச்சு பிரமாதம். அந்த நாவல் அண்ணனைக் கிழி கிழியென்று கிழித்தார். பொருளாளரே மூக்கைச் சிந்தினார். அத்தானும் அழுதார். அந்த அழுகையில் பொய்யில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

கைக்குட்டை காய்வதற்குள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு, “யாரு?” என்றார். ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசியவரை அக்கா முழங்கையால் இடித்தாள்.

“நான்தாண்டா.”

தம்பி கையை நீட்டி அண்ணன் முகத்தைத் தடவினார். விரல் மூக்கின் மேல் வந்து நின்றது.

“அன்னைக்குத் தேடின கண்ணாடி கெடச்சிருச்சாண்ணே?” என்றார்.