தபால்பெட்டியில் ஐந்து பெயர்கள்

அந்த ஆனி மாதம் மெல்பேர்னில் மழை விடவேயில்லை. என் மகள் வாணிக்கு நாலு வயது. அவள் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போலச் சத்தம் வரும். அப்போதுதான் அரசாங்க வீட்டு அலுவலகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. என் வீட்டில் அறிவிக்காத ஐந்து பேர் குடியிருக்கிறார்களாம். வாடகைச் சலுகை நிற்குமாம். வீட்டையும் காலி செய்ய வேண்டி வரலாம். வியாழக்கிழமை அதிகாரி நேரில் வருவார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த இங்கிலீஷை மூன்று தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று தரமும் அதே செய்திதான்.

அடியார்களே, வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடி முடிந்ததும் ஆளாளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்கிறீர்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டுப் போய்விடுவேன். எனக்கு நின்று பேச வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள்.

பதினாறு வயதில் கப்பல் ஏறினவன் நான். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தே பத்து வருஷம் போனது. பிறகு சிட்னியில் இறங்கிக் கம்பளி மூட்டை தூக்கினேன். வடக்கே போய்க் கரும்பு வெட்டினேன். சிட்னியில் ஒரு கிழவியின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். ஒருநாள் சொல்லாமல் புறப்பட்டுவிட்டேன். பின்னால் வந்த என் கடிதங்களை அவள் அடுப்பில் போட்டுவிட்டாள். போனவனுடைய கடிதத்தை அவள் எவ்வளவு காலம்தான் வைத்திருப்பாள்? என்னைப் பெற்ற அப்பு செத்தது எனக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் செய்தியும் அந்த அடுப்பில்தான் போயிருந்தது.

ஊருக்குப் போய் மங்கையைக் கட்டிக் கூட்டி வந்தேன். தொழிற்சாலையில் என் இடது கை நசுங்கியது. அதற்குப் பிறகு இந்த அரசாங்க மாடிவீடு கிடைத்தது. பதினோராம் மாடி. காற்று அடித்தால் கட்டடம் முனகும். ஆனால் சுவரில் ஈரம் இல்லை. அதற்கு முன் இருந்த அறையில் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். வாணியை இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பவும் அப்படி ஒரு அறைக்குப் போனால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீடு கிடைத்ததும் எனக்குத் தெரிந்த ஊர்சுற்றித் தமிழர்கள் ஐந்து பேருக்கும் சொன்னேன்: "என்ர விலாசத்தைக் குடுங்கோ. கடிதம் பத்திரமா இருக்கும்." தபால்காரர் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று ஐந்து பெயரையும் என் கையாலேயே எழுதிக் கீழே தபால்பெட்டியில் ஒட்டினேன். வந்த கடிதங்களைத் தகர பிஸ்கட் பெட்டியில் போட்டு முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

கப்பலில் வேலை செய்த பொன்னுத்துரை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வருவான்.

"என்ன அண்ணை, தபாற்கந்தோர் திறந்திட்டுதோ? முத்திரையும் விக்கிறியளோ?" என்று வாசலிலேயே பகிடி விடுவான்.

"முத்திரை இல்லை. தேத்தண்ணி இருக்கு. குடிச்சிட்டுப் போ," என்பாள் மங்கை.

மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருக்கால் தலைகாட்டினால் பெரிது. நடராசா என்ற பெடியன் மட்டும் ஒருக்காலும் வரவேயில்லை. "தோடம்பழத் தோட்டத்தில வேலையாம். ரெண்டு கிழமையில வாறன் அண்ணை," என்று சொல்லிவிட்டுப் போனவன்.

இப்படி இருக்கும்போதுதான் சட்டம் மாறிவிட்டது என்று அலுவலகத்தின் முதல் கடிதம் வந்தது. நகரசபை வரி கூடிவிட்டதால் எல்லா வீட்டு வாடகையையும் புதிதாகக் கணக்கிடப் போகிறார்களாம். சலுகை வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருடைய பெயரையும் உழைக்கும் பணத்தையும் எழுத வேண்டும். நான் மூன்று பேரை எழுதினேன். நான், மங்கை, வாணி. அது உண்மை. ஆனால் யாரோ கீழே வந்து தபால்பெட்டியைப் பார்த்து ஐந்து பெயரையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இரண்டாவது கடிதம் வந்த அன்றே கீழே ஓடிப்போய்ப் பெயர் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தேன். மேலே வந்த பிறகுதான் யோசித்தேன். அவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. பெட்டியில் கிழித்த தடம் இருக்கிறது. கள்ளன் செய்கிற வேலையை நானே செய்துவிட்டேன்.

அந்தக் கிழமையே ஒன்பதாம் மாடிக் கிழவருடைய கட்டிலும் அலுமாரியும் கீழே புல்லில் மழையில் கிடந்தன. வேலைக்குப் போகும் மகனை அவர் மறைத்து வைத்திருந்தாராம். அவர் ஒரு கதிரையில் குடை இல்லாமல் இருந்தார். போகிறவர்கள் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

புதன்கிழமை பின்னேரம் மங்கை பிஸ்கட் பெட்டியைத் தூக்கி என் கையில் தந்தாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு அவன் வந்து இதைக் கண்டால் நாங்கள் துலைஞ்சம். குப்பைக் குழாயில போடுங்கோ."

"மற்றவையின்ர கடிதமடி."

"என்ர பிள்ளையின்ர மூச்சைப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

அவள் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடி நடையிலும் குப்பைக் குழாய்க்கு ஒரு இரும்பு மூடி உண்டு. போட்டது நேரே கீழே இருக்கும் எரி உலைக்குப் போகும். மூடிக்கு முன்னால் பெட்டியோடு நின்றேன். சுவருக்குள் உலை உறுமுவது கேட்டது. சிட்னிக் கிழவியின் அடுப்பு நினைவுக்கு வந்தது. வாய்விட்டே சொன்னேன்: "முருகா, எனக்கு வேற வழி தெரியேல்லை. இது பிழையெண்டால் என்ர கையைப் பிடி."

மூடியை இழுத்தேன். வரவில்லை. கால் கொடுத்து இழுத்தேன். அசையவில்லை. அன்று மத்தியானம் மங்கை அதே மூடியைத் திறந்து குப்பை போட்டிருந்தாள். யாரோ உடைந்த கதிரைக் காலைத் திணித்ததால் இறுகிவிட்டது என்று காவலாளி மறுநாள் சொன்னான். நான் மறுக்கவில்லை. கதிரைக் கால்தான். அது வந்து சிக்கிய நேரத்தைத்தான் நான் சொல்கிறேன். பத்தாம் மாடிக்கு இறங்கிப் போயிருக்கலாம். கால் வரவில்லை. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தேன். மங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

வியாழன் காலை அதிகாரி வந்தார். நனைந்த கோட்டைக் கழற்றவில்லை. கட்டில்களை எண்ணினார். அலுமாரியைத் திறந்து பார்த்தார். குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ்களையும் எண்ணினார்.

"மற்ற ஐந்து பேர் எங்கே?" என்று கேட்டார்.

நான் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவர்கள் இங்கே இல்லை, அவர்களுடைய கடிதம்தான் இருக்கிறது என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். தபால் முத்திரையில் திகதி பார்த்துப் பெயர் பெயராக அடுக்கினார். சில போன வருஷத்தவை. ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. அடுக்க அடுக்க அவர் கை மெதுவானது.

"இங்கே குடியிருப்பவன் தன் கடிதத்தை ஒரு வருஷம் திறக்காமல் இருப்பானா?" என்றார். அதை என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா தெரியாது. பிறகு, "நீயாவது திறந்து பார்க்கவில்லையா?" என்றார்.

"என்னுடைய கடிதம் இல்லையே, ஐயா."

நடராசாவின் கடிதங்கள் ஆறு. எல்லாம் ஒரே கையெழுத்து. அவர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இவன் வரவேயில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆறையும் கவனமாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. சலுகை தொடரும். வீடு எங்களுக்கே. மங்கை அந்தக் கடிதத்தை முருகன் காலடியில் வைத்துவிட்டு நிலத்தில் விழுந்து அழுதாள். இன்றைக்கு வாணி பள்ளிக்கூடம் போகிறாள். மழைக்காலத்திலும் மூச்சுச் சீராக இருக்கிறது. ஊர் ஊராக ஓடின என் கால்களும் அன்றோடு நின்றன. நாலு பேரைத் தேடிப் பிடித்து அவரவர் கடிதத்தை அவரவர் கையில் கொடுத்தேன். தோடம்பழத் தோட்டங்களுக்கு மட்டும் மூன்று தரம் போனேன். நடராசாவைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை.

முடியாத கட்டம் வந்தால் நீங்களும் முருகனிடம் கேளுங்கள், அடியார்களே. கேட்ட கதவு திறக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அவன் ஒரு மூடியை இறுக்கி வைத்துத்தான் வழி காட்டினான். இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் விட்டுவிட்டு வந்த விலாசம் எங்கேயாவது இருந்தால், போய் உங்கள் கடிதத்தை எடுங்கள்.

நடராசாவின் உறைகளின் பின்பக்கம் அவன் தாயின் விலாசம் இருந்தது. அந்த அம்மாவுக்கு எழுதினேன். மகன் இன்னும் இங்கே வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். பதில் வந்தது. உறையில் இருந்தது என் பெயர் அல்ல, அவனுடைய பெயர். நான் திறக்கவில்லை. ஏழாவதாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்றைய பிரார்த்தனையில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழே தபால்பெட்டியில் இப்போது என் பெயருக்குக் கீழே ஒரே ஒரு பெயர் இருக்கிறது. இந்தத் தடவை அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.