பக்கத்துக் கட்டில் பாட்டில்

1974 சித்திரை. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியனுக்கு, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் தடவையாக வயிற்றில் குழாய் போட்டார்கள். இரண்டு சிறுநீரகமும் வருடக்கணக்காகச் சுருங்கி வந்தது, கால் வீங்கி வாந்தி நிற்காமல் போன பிறகுதான் தெரிந்தது. பாட்டில் பாட்டிலாக மருந்துநீரை உள்ளே விட்டு, உடம்பில் தேங்கிய கழிவோடு வடிப்பார்கள். முகம் தெளியும். பத்து நாளில் மறுபடி ஊதிவிடும்.

பக்கத்துக் கட்டிலுக்கு வீரபத்திரன் வந்தான். பரளச்சியில் பருத்தி எடுக்கப் போனவனை விரியன் பாம்பு கடித்து, விஷத்தில் சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. அவனுக்கும் அதே குழாய். அவன் மனைவி ஆவுடைத்தாயும் சௌந்தரபாண்டியனின் மனைவி முத்துமாரியம்மாளும் வராந்தாவில் ஒரே பாயில் படுத்தார்கள். ஊரில் என்றால் நடக்காது.

பத்தாம் நாள் அவனுக்கு இறங்கத் தொடங்கியது. மறுநாள் அரைப் பாட்டில் மூத்திரம்.

"மயங்கிக் கிடந்த சிறுநீரகம் முழிச்சிருச்சு," என்றார் டாக்டர்.

"எங்க அவுகளுக்கு?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"அது வேறம்மா. சுருங்கினது திரும்பாது."

அதன்பின் ஆவுடைத்தாய் சிரித்தாலே முத்துமாரியம்மாளுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவன். அவன் பெண்டாட்டி ஒரு வேண்டுதல்கூட வைக்காதவள். இவள் கும்பிடாத சாமியில்லை.

"அக்கா, கஞ்சி வாங்கிட்டு வாரேன். நர்ஸம்மா அளக்க வந்தா இந்தப் பாட்டிலக் காட்டிருங்க," என்று ஆவுடைத்தாய் போனாள். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. முத்துமாரியம்மாள் அதில் முக்கால்வாசியைத் தன் கணவரின் காலிப் பாட்டிலில் ஊற்றினாள்.

நர்ஸ் இரண்டு பாட்டிலையும் அளந்து அவரவர் சீட்டில் எழுதினாள். சாயங்காலம் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "வீரபத்திரனுக்குக் குறைஞ்சிருச்சே. காலையில இன்னொரு தடவை குழாய் போடுவோம்," என்றார். ஆவுடைத்தாய் கட்டில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

சௌந்தரபாண்டியன் தன் சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மனைவியையே பார்த்தார். "ஏ மாரி, எனக்கு இன்னைக்கு ஒண்ணுமே வரல. போயி உள்ளதச் சொல்லு."

போய்ச் சொன்னாள். நர்ஸ் வார்டே கேட்கத் திட்டினாள். ஆவுடைத்தாய் பாயை உருவிக்கொண்டு வராந்தாவின் அடுத்த கோடிக்குப் போனாள். அதற்குப் பிறகு கஞ்சி வாங்கப் போகும்போதும் பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக் கூடவே எடுத்துப் போனாள்.

வீரபத்திரன் நடந்தே வெளியேறினான். சௌந்தரபாண்டியன் ஆடியில் இறந்தார்.

கடையை முத்துமாரியம்மாளே நடத்தினாள். மூன்று வருடம் கழித்து, வத்தல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வீரபத்திரன் வந்து நின்றான். சதை போட்டிருந்தான்.

"அண்ணாச்சி எப்படி இருக்காக?" என்றான். அவர் இறந்தது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"போயிட்டாக."

அவன் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்தான். கடைப் பையனிடம் மூட்டையை எடைபோடச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் ஊர்ப் பக்கம் போகும் திருச்சுழி பஸ் கிளம்பி அவன் போகும்வரை வெளியே வரவில்லை.