மழை பெய்தால் மட்டும் வரும் அதிகாரி

எஸ்தர் மேடம் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் கண்மாய்ப் பாசனத் தலைவர் வேலுச்சாமி. "நம்ம மேடம் தவறிட்டாவய்யா" என்றார். தேவதானம் பக்கத்தில் நான் மேனேஜராக இருக்கும் கல்குவாரிக்கும் அதற்குக் கீழே உள்ள அவர்கள் கண்மாய்க்கும் ஒரு காலத்தில் தீராத பகை. அவரும் நானும் போனில் சேர்ந்து அழுதோம் என்றால், அது மேடம் செய்து வைத்த வேலை.

மேடம் கனிமவளத் துறை அதிகாரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜீப்பில் வருவார்; மழை பெய்தால்தான் வருவார். "வெயில்ல வந்து பாத்தா எல்லாமே நல்ல குவாரிதான்" என்பார். மண் கரைந்து ஓடும் வழியெல்லாம் அவர் நடக்க, நான் குடையோடு பின்னால் ஓடுவேன். நடையா அது!

ஒரு வருஷம் மழையில் எங்கள் குவாரியில் வெட்டிக் குவித்திருந்த மேல்மண் கரைந்து இறங்கிக் கண்மாய் மடையை அடைத்துவிட்டது. கடைசி வயல்களுக்குத் தண்ணீரே போகவில்லை. மண்மேட்டைச் சுற்றிக் கரை கட்டி, கலங்கல் தெளிய இரண்டு குழி வெட்டும்வரை ஒரு கல்லும் உடைக்கக் கூடாது என்றார் மேடம். முதலாளி தாம்தூம் என்று குதித்தார்.

"லோடு நிக்குது மேடம். மழைக்குப் பொறவு பாத்துக்கிடலாமே?"

"கல்லு எங்கயும் ஓடிப் போகாதுங்க. மண்ணுதான் ஓடும்."

மாற்றல் வாங்கித் தருவோம் என்று யாரோ மிரட்டியபோது, "எந்த ஊருக்கு மாத்துனாலும் அங்கயும் மழை பெய்யும்ல?" என்று சிரித்தார். வேறு வழியில்லாமல் கட்டினோம், வெட்டினோம்.

ஐப்பசியில் வந்தது பாருங்கள் ஒரு மழை! எதிரே இருந்த மலையே தெரியவில்லை. வேலுச்சாமி மண்வெட்டிகளோடு ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். "இந்தத் தடவையும் மண்ணு எறங்குச்சுன்னா ஒங்க லாரிப் பாதைய வெட்டிருவோம்" என்றார். அந்த நேரம் பார்த்துப் புதுக்கரையின் ஒரு மூலை ஒழுகத் தொடங்கியது.

அதற்குள் ஜீப்பிலிருந்து குதித்த மேடம் போட்டார் ஒரு சத்தம். "ஏன்யா பாத்துக்கிட்டு நிக்கீங்க? சண்டைய பொறவு போடலாம், மூட்டையத் தூக்குங்க!"

எங்கள் ஆட்கள் மூட்டையில் மண் நிரப்ப, வேலுச்சாமியின் ஆட்கள் சுமந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடம் முழங்கால் சேற்றில் நின்றார். காரிலேயே உட்கார்ந்திருந்த முதலாளியும் இறங்கி ஒரு மூட்டையைத் தூக்கினார்! ஒழுக்கு நின்றது. முதல் குழி நிறைந்து, இரண்டாவதும் நிறைந்து, வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. வேலுச்சாமி கையில் அள்ளிப் பார்த்து, "ஏலே, தெளிஞ்சு வருதுலே!" என்று கத்தினார். மேடம் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள், குவாரியின் மேற்குப் பக்கத்தில் புதிதாக மண்ணெடுக்கப் பொக்லைன் வந்து நின்றது. கரையும் இல்லை, குழியும் இல்லை. இதுவரை எதைத் தடுத்தாலும் "மேடம் விடமாட்டாங்க" என்று பழியை அவர் தலையில் போட்டுத் தப்பித்துக்கொள்வேன். அவரைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, விடமாட்டேன் என்று அவர் நின்ற, இப்போது காலியாகிக் கிடக்கும் அந்த இடம்தான். பொக்லைனை நிறுத்தச் சொன்னேன்.

"அதான் அவிய போயிட்டாவல்ல, இனி யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் முதலாளி.

"நான் கேப்பேன்" என்றேன்.