தையல்காரி போட்ட கோடு

அந்தத் தையல்காரியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தான் எடுத்த அளவு தப்பு என்று செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். சட்டை இறுக்குகிறது என்று யாராவது வந்தால், "நீ ஒரு சுத்து பெருத்துட்டம்மா" என்பாள். தொளதொளவென்று இருக்கிறது என்றால், "ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" என்று கேட்டு, வந்தவளையே குற்றவாளியாக்கி அனுப்பிவிடுவாள். ஆனாலும் தையல் அத்தனை சுத்தம். திட்டிக்கொண்டே போனவர்கள்கூட அடுத்த துணியோடு அவளிடமேதான் வந்து நின்றார்கள்.

ஏரிப் பாதுகாப்புக் குழுவில் அவள் சேர்ந்ததற்கு ஒரே காரணம் தங்கை. கரைக்குக் கீழே இருக்கும் தெருவில் தங்கையின் வீடுதான் கடைசி. சமையலறைச் சன்னலைத் திறந்தால் எதிரே கரைதான் மலை மாதிரி நிற்கும். புருஷனும் இல்லாமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே இருக்கிறாளே என்று அக்காவுக்கு எப்போதும் ஒரு உறுத்தல். சம்பளமில்லாத வேலைதான். விடுமுறை நாளென்றால் மற்றவர்கள் கால் நீட்டிப் படுத்திருக்க, இவள் முட்செடி வெட்டிக்கொண்டும் குப்பை பொறுக்கிக்கொண்டும் கரையில் நிற்பாள். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரரே கப்சிப்பென்று ஆகிவிடுவார்.

அந்தக் கோடையில் குழு ஏரியைத் தூர் வாரியது. கரையின் உள்சரிவில், நீர்மட்டம் பார்ப்பதற்கென்று ஒரு அளவுகல் நின்றது. லேசாக ஆடுகிறது என்று, வாரிய மண்ணை அதன் காலைச் சுற்றிக் கொட்டி, ஆளாளுக்கு மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். கல்லில் இருந்த சிவப்புக் கோடு வெயிலில் வெளுத்து, இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் உடனே மதகைத் திறக்க வேண்டும். தொடாதவரை திறக்கவே கூடாது, வீணாக வயல்கள் மூழ்கும். இதுதான் குழுவின் விதி.

கல்லின் அடியிலிருந்து ஐந்தடியில் கோடு இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தையல் டேப்பின் முழு நீளமும் ஐந்தடி. அப்புறம் கேட்பானேன். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்குகிறவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தி, மேலே இழுத்துப் பிடித்து, நூல் பிசகாமல் கோடு போட்டாள். தையல்காரி போட்ட கோடு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மழை தொடங்கியபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் பிடித்த மழை விடவேயில்லை. ஏரி நாளுக்கு நாள் ஏறியது. தங்கை வீட்டுச் சமையலறைத் தரை துடைக்கத் துடைக்க ஈரமானது. கரையிலிருந்த எலிகளெல்லாம் பட்டப்பகலில் இறங்கி வீட்டுக்குள் ஓடின. பிறகு பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. தெளிந்த தண்ணீர்தான். என்றாலும் அது நிற்கவில்லை.

அன்று காலையில் தலைவர் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நேரே தையல்கடைக்கு வந்தார்.

"பயப்படாதம்மா. கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கு. நீ போட்ட கோடு, தப்பாவா இருக்கும்?"

அவளும் சிரித்துக்கொண்டே இயந்திரத்தை மிதித்தாள். ஆனால் அந்த எலிகள் மனதை விட்டுப் போகவில்லை.

மதியம் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்து, தைத்த பாவாடையை மேசைமேல் போட்டாள்.

"தரையில இழுபடுதுக்கா."

"நீ குள்ளமாயிட்டியா?"

"இல்லக்கா. அன்னைக்கு நான் குதிகால் வச்ச செருப்போட நின்னேன். நீங்க கவனிக்காம தரையிலேர்ந்து அளந்துட்டீங்க."

தையல்காரி வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துக் கீழே வைத்தாள். மண்ணில் மறைந்த கல்லின் கால் கண்ணுக்குள் வந்து நின்றது. முழங்கால் உயரத்துக்கு மண். அந்த மண்ணின்மேல் நுனியை வைத்துத்தான் அவள் அளந்தாள். அப்படியானால் கோடு முழங்கால் அளவு மேலே போய்விட்டது. உண்மையான கோட்டைத் தண்ணீர் எப்போதோ விழுங்கிவிட்டது.

தலைவருக்குப் போன் செய்தாள். "அண்ணே, கோடு தப்பு. மண்ணு மேலேர்ந்து அளந்துட்டேன். மதகைத் திறங்க."

"நிஜமாவா சொல்ற?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். திறங்கண்ணே."

கடையை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல் மழையில் ஓடினாள். தங்கையின் தெருவில் நின்று, எல்லோரையும் வீட்டை விட்டு வெளியே வரும்படி கத்தினாள். ஒருவரும் அசைவதாக இல்லை. "கோட்டையே தொடலையாமே, எதுக்கு இந்தக் கூப்பாடு?" என்றார் ஒருவர். தங்கையும் வாசலுக்கு வந்து சிரித்தாள்.

"என்னக்கா இது? எங்கக்கா போட்ட கோடு, தைரியமா இருங்கன்னு தெரு முழுக்க நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"அந்தக் கோடு தப்புடி. என் அளவு தப்பு."

தங்கையின் முகம் செத்துப்போயிற்று. அக்காவோடு பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அதுவரை கேட்டதில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "எங்கக்காவே தன் அளவு தப்புங்கறா. இதுக்கு மேல என்ன வேணும்? கிளம்புங்க" என்று கதவு கதவாகத் தட்டினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அக்கா தங்கை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சுவர் ஓரம் ஊறிய தண்ணீர் இப்போது கலங்கலாக, மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது.

தெருவே பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்றது. தூரத்தில் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் மதகுத் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மதகுக் கதவு பாதி ஏறுவதற்குள், தங்கை வீட்டுக்குப் பின்னால் கரை உட்கார்ந்தது. சமையலறை முதலில் போயிற்று. பிறகு வீடு. பிறகு பக்கத்து வீடுகள். யாரும் அழவில்லை, பிள்ளைகளை எண்ணுவதிலேயே இருந்தார்கள். ஒன்றும் குறையவில்லை.

தங்கை அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்ற அக்காவுக்கு அந்தப் பிடியைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். வடிகிற தண்ணீருக்கு நடுவே அளவுகல் நிமிர்ந்து நின்றது. அவள் போட்ட சிவப்புக் கோட்டை ஏரி கடைசிவரை தொடவேயில்லை.