மைக்குக்குக் கிட்டப் பாடியவள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் ஞாயிறு மாலைகளில் நான் ஜாஸ் பாடினேன். அரை மணி நேரம், நேரலை. பிறந்தநாள் வாழ்த்துக்குப் பிறகு, மரண அறிவித்தலுக்கு முன்னால். டவுன்டவுனில் ஒரு சின்ன பாரில் ஒருவர் மைக்கோடு ரகசியம் பேசுகிற மாதிரிப் பாடக் கேட்டு, பாட்டென்றால் இதுதான் என்று முடிவுகட்டியவள் நான். வரிகள் மட்டும் தமிழில், நானே எழுதினேன். பின்னால் ஒரு பியானோ.

முதல் வாரமே தொலைபேசி அலறியது. தயாரிப்பாளர் எடுத்தார். அஜின்கோர்ட் பக்கமிருந்து ஓர் அங்கிள்.

"தம்பி, உங்கட மைக் பழுதாப் போச்சு. பிள்ளை வாயை அசைக்குது, சத்தம் வரேல்லை."

அவர் மட்டுமா? கோயில் திருவிழாவிலும் கலியாண மண்டபத்திலும் ஸ்பீக்கர் காதைப் பிளந்தால்தான் பாட்டு என்று பழகிய சனம் நாங்கள். ரிமோட்டைத் தட்டிப் பார்த்தவர்கள், பற்றரி மாற்றியவர்கள் என்று வாராவாரம் முறைப்பாடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்னைவிட இளையவர், நல்ல மனிதர். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, கொஞ்சம் சத்தமா எடுத்துப் பாடுங்கோ. இந்தக் கிழமையும் ஆரும் கோல் எடுத்து முறைப்பாடு சொன்னா நிகழ்ச்சியை நிப்பாட்டச் சொல்லிப்போட்டார் முதலாளி."

"எடுத்துப் பாட ரொறன்ரோவில ஆயிரம் பேர் இருக்கினம், தம்பி. நான் இப்பிடித்தான் பாடுவன்."

கிழமை முழுக்க மார்க்கம் நகரில் அலுவலக வேலை. அந்த அரை மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அதை இழக்க மனமில்லை. கத்திக் காப்பாற்றவும் மனமில்லை.

அந்த ஞாயிறு வழக்கத்தைவிட மெதுவாகவே பாடினேன். வீம்புதான். கடைசிச் சொல்லை மூச்சோடு விட்டேன். அது அடங்குவதற்குள் நகைக்கடை விளம்பரம் நாதஸ்வரம் தவிலோடு வெடித்தது. கூடவே தொலைபேசியும் அடித்தது. அதே அங்கிள். தயாரிப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, உந்த நகைக்கடைக்காரரைக் கொஞ்சம் மெதுவாக் கத்தச் சொல்லுங்கோ. பிள்ளையின்ர பாட்டுக்கெண்டு ரீவிக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறன். காது அடைச்சுப் போச்சு."