முள் கீழே கிடந்தது

எடுத்த வேலையைப் பாதியில் விடாத ஆள் என்று லிஃப்ட் மெக்கானிக்குக் கட்டடம் கட்டடமாகப் பெயர். அந்தப் பிடிவாதத்தில்தான் ஆறு வருடம், ஞாயிறு தவறாமல், வீட்டை ஒட்டிய கொட்டகையில் தன் கையாலேயே ஒரு கார் செய்து முடித்தார். இன்ஜின் ஒரு பழைய வேனுடையது. ரேடியேட்டர் அதைவிடச் சின்ன வண்டி ஒன்றினுடையது. கதவுகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கே நினைவில்லை.

பாதியில் விட்டது ஒன்றே ஒன்றுதான். இன்ஜினின் தலையில், சூடு காட்டும் சென்சாரை மாட்ட வேண்டிய துளைக்குள் ஒரு போல்ட் முறிந்து நின்றுவிட்டது. துளைத்து எடுக்க அன்று அலுப்பாக இருந்தது. ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை வெட்டி, நடுவில் ஒரு பித்தளை இணைப்பைச் சொருகி, சென்சாரை அதில் திருகினார். இன்ஜினிலிருந்து வரும் அதே வெந்நீர்தானே. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளும் சமர்த்தாக நடுவில் நின்றது. பிறகு அதை மறந்தே போனார்.

வியாழன்தோறும் மனைவியை மலைக்கு அப்பால் இருக்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. மூக்கில் குழாய், மடியில் சின்ன சிலிண்டர். சிலிண்டர் இரண்டு மணி நேரம் வரும். பயணம் ஒன்றேகால் மணி நேரம். அந்தக் காரின் ஹீட்டரில் வெந்நீரை நிறுத்த வழியே கிடையாது. வெளியே உறைபனி, உள்ளே காலடியில் அனல்.

"அடுப்புக்குள்ள உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்க. வேகறதுக்குள்ள இறக்கி விட்டா சரி" என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே. சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமையே அவர் மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு ஒன்றை வாங்கி வந்தார். நீர் ஓடும் திசைக்கு அம்புக்குறியைச் சரிபார்த்தார். குழாயில், பித்தளை இணைப்புக்கு ஒரு சாண் முன்னால் வெட்டினார். வெட்டும்போது புறங்கை அந்தப் பித்தளையில் பட்டது. பட்டும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. வயர் உரசாமலிருக்கத் துளைக்கு ரப்பர் வளையம் போட்டார், ஃபியூஸ் வைத்தார். பழைய ரேடியோவின் குமிழைக் கழற்றி, அவள் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டினார்.

மனைவியின் அண்ணன், மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர், டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். குமிழைத் திருப்பினார்கள். வால்வு மெல்ல முனகி மூடிக்கொண்டது. தெருவை நாலு சுற்றுச் சுற்றினார்கள். காலடி குளிர்ந்தது. முள்ளும் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது.

"முள்ளு எப்பவும் நடுவுலதானே நிக்கும் மாப்ளே?"

"இப்ப குளுந்து ஓடுது மச்சான். ஹீட்டர் சூடு திரும்பி வர்றதில்ல பாருங்க."

"சூடே ஏறாம ஓடினா அதுக்குப் பேரு இன்ஜின் இல்ல, ஃபிரிட்ஜ். எதுக்கும் ஒரு தடவ பானெட்டத் தொறந்து பாரு."

"உங்க பஸ்ஸு விடுற புகைக்கு நீங்க என் வண்டியப் பேசலாமா?"

மச்சான் சிரித்துவிட்டுப் போனார். சிரிக்காமல் போயிருக்கலாம்.

வியாழன் காலை ஏற்றம் தொடங்கியதும் அவள் குமிழைத் திருப்பி மூடினாள். "இப்பத்தாங்க மூச்சு விட முடியுது" என்றாள். நாலாவது வளைவில் முகம் சுளித்தாள்.

"ஏதோ தித்திப்பா வாசனை வருதுங்க."

அவர் முள்ளைப் பார்த்தார். அடியில் கிடந்தது. "வெளிய எங்கயாவது இருக்கும்" என்றார்.

ஆறாவது வளைவில் வண்டி இழுக்கத் திணறியது. மறுபடியும் முள்ளைப் பார்த்தார். அசையவில்லை. கியரை இறக்கி மிதித்தார். உச்சிக்கு அருகே பனி கெட்டியாக இருந்தது. அவளுக்குக் கால் விறைத்தது, குமிழைத் திறந்தாள்.

முள் அடியிலிருந்து எழுந்து, சிவப்பைத் தாண்டி, கடைசிக் கோட்டில் போய் இடித்து நின்றது.

அந்தக் கணத்தில்தான் அவருக்குப் பித்தளை இணைப்பு நினைவுக்கு வந்தது. வால்வு மூடியதும் அந்தக் குழாயில் நீர் நின்று ஆறிப்போகிறது. ஆறிய நீரைத்தான் முள் இத்தனை நேரமும் காட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் சின்னது; ஏற்றத்தில் மிஞ்சிய சூட்டை அத்தனை வியாழனும் ஹீட்டர்தான் வாங்கி அவள் காலடியில் கொட்டியிருக்கிறது. அதையும் அவர் கையாலேயே அடைத்தாயிற்று. அவர் சாவியை அணைப்பதற்குள் இன்ஜின் இறுகி நின்றது. முன்பக்கம், கொதித்துக் கசிந்த கூலன்ட்டின் அதே தித்திப்பு வாசனையோடு, ஆவி எழுந்து பனியோடு கலந்தது.

போனில் சிக்னலே இல்லை. தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினார்.

"அடுப்பு அணைஞ்சிருச்சு போல" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து, எதிர்ப்பக்கமிருந்து மச்சானின் பஸ் வந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு அவர் பஸ்ஸை மலையிலேயே மருத்துவமனைப் பக்கம் திருப்பினார். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கடைசிக் கால் மணி நேரம் சிலிண்டர் காலியாக இருந்தது.

அவள் பதினோராவது நாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர் கலைந்த மறுநாள், மச்சான் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். மெக்கானிக் இன்ஜின்மேல் குனிந்து, முறிந்த போல்ட்டைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எதுக்கு மாப்ளே?"

அவர் நிமிரவில்லை. போல்ட் வெளியே வந்ததும் துணியில் துடைத்து மேசைமேல் வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷ வேலதான் மச்சான்" என்றார்.