கான்ட்ராக்ட் எந்த ஊர்?

1. தாவீது சட்டையைப் போட மறுத்தது

மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் பெரியமேட்டில் அச்சடித்து வாங்கி வந்த புது ஜெர்சியை, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேபின் நடுவில் நின்றான் அந்த வெள்ளைக்காரன். "மிஸ்டர் பில், இதை நான் போட மாட்டேன்" என்றான்.

பில் என்றால் நான்தான். முழுப் பெயர் பிலோமின்ராஜ், ஊர் ராயபுரம். எண்ணூர் பக்கம் ஒரு தனியார் துறைமுகத்தில் ரிக்கிங் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கிரேன் தூக்கும் பாரத்துக்கு ஸ்லிங் என்ற தூக்குக் கயிறும் ஷாக்கிள் என்ற இரும்பு வளையமும் மாட்டி, இறக்கி வைக்கும்வரை அது எவன் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ரிக்கிங். இருபத்திரண்டு வருடம் அந்த வேலை செய்தேன். இருபத்திரண்டு வருடமும் கான்ட்ராக்ட். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். பாஸ் இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், காரணமெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருடம் ஒரு புது கிரேன் வந்தது. அதை நிறுவி, ஓட்டிக் காட்டி ஒப்படைக்க பிரிட்டனிலிருந்து ஆறு இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். அதே சமயம் கம்பெனி ஆண்டு விழா. அணிக்கு ஐந்து பேர் வைத்து ஃபுட்பால் என்று எச்.ஆர். மேனேஜர் ரகுநாத் முடிவு செய்து, ஜெர்சி வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார். அவர் கொடுத்த சீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன: ஸ்டாஃப், கான்ட்ராக்ட், யூ.கே.

பெரியமேட்டுக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா நைனா, யூகேன்னு ரெண்டே எய்த்து போட்டா நெஞ்சு காலியா கீது. இங்கிலாந்துன்னு அடிச்சிடலாம், ஸோக்கா இருக்கும்."

"அடிச்சிக்க" என்றேன். வெள்ளைக்காரன் என்றால் இங்கிலாந்துக்காரன். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து ராயபுரத்தில் அதுதான் கணக்கு.

2. டிவி கேபின்

எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்சியைப் போட மறுத்தவன் வேல்ஸ்காரன். ஹெல்மெட்டில் அவன் பெயரை இங்கிலீஷில் படித்துவிட்டு எங்கள் ஆட்கள் "டஃபிட்" என்று கூப்பிட்டார்கள். முதல் வாரமே அவன் என்னிடம் வந்து திருத்தினான். "தாவித்" என்று சொல்லிக் காட்டினான். "தாவீதா? எங்க பைபிள்ல கீற ராஜா பேரு" என்றேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து நாடான இங்கிலாந்தில் ஒருவனுக்கும் வாயில் நுழையாத பெயர், ராயபுரத்துக்காரன் வாயில் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், முந்தின நாள் நடந்த வேல்ஸ்–இங்கிலாந்து மேட்சின் மறு ஒளிபரப்பை அவர்கள் கேபினில் பார்த்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சண்டை. இயன் என்று ஒருவன், ஸ்காட்லாந்துக்காரன், வேல்ஸின் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு தாவீதுக்கு மேலே கத்தினான். "உன் ஊர் ஸ்காட்லாந்து. வேல்ஸ் ஜெயிச்சா உனக்கென்ன?" என்று கேட்டேன். அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இங்கிலாந்தை எதிர்த்து எவன் ஆடினாலும் அன்னைக்கு நான் அவன் ஊர்க்காரன்."

அவர்களுக்குத் தலைவன் கிறிஸ், இங்கிலாந்துக்காரன், தங்கமான மனுஷன். அவன் மட்டும் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு இவங்க மேல கோபமே கிடையாது பில், எல்லாரும் ஒண்ணுதானே" என்றான். அதைக் கேட்டதும் மற்ற இரண்டு பேருக்கும் கோபம் இன்னும் ஏறிவிட்டது. எங்கள் நிரந்தர ஸ்டாஃப் ஆட்களும் இதே வார்த்தையைத்தான் எங்களிடம் சொல்வார்கள். மேலே இருப்பவனுக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. காசிமேட்டுக்காரனும் ராயபுரத்துக்காரனும் கேரம் போர்டில் கலாய்த்துக்கொள்கிற மாதிரி தமாஷ் என்று நினைத்து, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் மேட்ச் அன்று தாவீதிடம் தெனாவெட்டாகவே கேட்டேன்: "ஒரே நாடுதானே, இதுல என்ன?"

அவன் கோபப்படவில்லை. உட்கார்ந்து, ஷூ லேஸ் கட்டிக்கொண்டே பேசினான். "பாஸ்போர்ட் ஒண்ணு. ராஜா ஒருத்தர். பந்து ஆடும்போது மட்டும் நாலு டீம். அந்தத் தொண்ணூறு நிமிஷம்தான் உலகத்துக்கு எங்க நாட்டோட பேர் தெரியும். அங்கேயும் நீ இங்கிலாந்துன்னு எழுதிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டேன். அவன் ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான். இயனும் அப்படியே செய்தான். நாலாவது டீமான வட அயர்லாந்தின் ஆள் எவனும் அந்த ஆறு பேரில் இல்லை, நான் தப்பித்தேன்.

அப்புறம் மூலையில் கிடந்த எங்கள் ஆரஞ்சு ஜெர்சிகளை தாவீது பார்த்தான். ஒன்றை எடுத்து விரித்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

"கான்ட்ராக்ட். இது எந்த ஊர்?"

3. மஞ்சள் டேப்

என்னத்தைச் சொல்வது? அது ஊர் இல்லையப்பா, எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். "நீங்களும் போட்டுக்குவீங்களா?" என்றான். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த வார்த்தையை அச்சடிக்கக் கொடுத்ததே நான்தான். அவன் சட்டையில் இருந்த தப்பாவது கடைக்காரர் சொல்லி வந்தது. இது நானே சீட்டைப் பார்த்து, யோசிக்காமல், சரி பார்த்து வாங்கியது.

எங்கள் ஆட்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சேகர், எங்கள் ஃபார்வர்டு, அதற்குள் மாட்டியிருந்த ஜெர்சியைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். "அண்ணே, வெள்ளைக்காரனுக்கு ரோசம் வந்தா நமக்கு வராதா? நானும் போட மாட்டேன்."

டூல் பாக்ஸில் மஞ்சள் டேப் இருந்தது. சோதித்துப் பாஸ் ஆன ஸ்லிங்குக்கு அந்த மூன்று மாதத்துக்கு உரிய நிறத்தில் டேப் சுற்றி அடையாளம் வைப்பது எங்கள் வேலை. அதை வார்த்தை மேல் ஒட்டி, மார்க்கரில் ஊர்ப் பெயர் எழுதலாம் என்று முடிவானது. அங்கேதான் பேஜாரே.

"எண்ணூர்னு எய்துங்கடா" என்றான் கோல் கீப்பர் தேசப்பன்.

"எனக்கு எண்ணூர்ல இன்னா வூடா கீது? நான் வியாசர்பாடி" என்றான் கௌதம்.

"அப்போ வடசென்னைன்னு போடு" என்றான் இன்னொருவன்.

"அது நியூஸ்ல ரவுடிய புடிச்சா சொல்ற பேரு. வாணாம்."

"தேசப்பா, நீயே எண்ணூரான்னு கேட்டா முகத்துவாரக்குப்பம்னுதான சொல்லுவ? ஊருக்கு ஒரு நியாயமா?" என்றான் சேகர்.

ஒரே அணி, ஐந்து பேர், ஒருத்தனும் அடுத்தவன் ஊரைப் போட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. அப்போதுதான் பிரிட்டன் விவகாரம் எனக்கு முழுசாகப் புரிந்தது. "அவனவன் அவன் ஊரை எய்திக்கடா, கிளம்புங்க" என்றேன். முகத்துவாரக்குப்பம் நெஞ்சில் அடங்காமல் விலாவரைக்கும் போயிற்று.

மைதானத்தில் ரகுநாத் ஓடி வந்தார். "என்ன பிலோமின் இது? எம்.டி. வந்திருக்கார், போட்டோ எடுக்கணும். டேப்பைக் கிழிக்கச் சொல்லுங்க."

நான் ஆட்களைப் பார்த்தேன். சேகர் மெதுவாகச் சொன்னான்: "நீ சொன்னா கிழிக்கிறோம்ண்ணே. ஆனா உன் வாயால சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

ரகுநாத் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆளுங்க பாஸ் மொத்தம் பதினேழு, என் டேபிள்ல இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமையோட முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

எனக்குப் பயமாக இருந்தது. சும்மா வீரம் பேச மாட்டேன். சேகர் வீட்டில் போன மழைக்குத் தண்ணீர் ஏறிக் கட்டில்வரை போயிருந்தது. அவனுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. அவனும் டேப்பைத் தொடவில்லை.

அந்த நேரத்தில் எம்.டி.யே நடந்து வந்து ஒவ்வொருவருடனும் கை குலுக்கினார். தேசப்பன் முன்னால் நின்று கஷ்டப்பட்டுப் படித்தார். "முகத்துவாரக்குப்பம். இது எங்கப்பா இருக்கு?"

தேசப்பன் கையை நீட்டினான். "அதோ சார், உங்க காம்பவுண்டு செவுத்துக்கு அந்தாண்ட."

எம்.டி. சுவரைப் பார்த்தார். பத்து வருடமாக அவர் பார்க்கும் சுவர்தான். அடுத்த ஆளிடம் போனார். ரகுநாத் முகம் கறுத்துவிட்டது.

மேட்சில் தோற்றோம். ஐந்துக்கு மூன்று. தாவீது இரண்டு கோல் போட்டான், படுபாவி.

4. திங்கட்கிழமை, கேட்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு பதினேழு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். பாஸ் எச்.ஆரில் இருக்கிறது, வெயிட் பண்ணுங்கள் என்றார் செக்யூரிட்டி. எட்டு ஆனது. ஒன்பது ஆனது. எங்களைத் தாண்டி லாரிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அன்றைக்குப் புது கிரேனுக்கு லோட் டெஸ்ட். சோதித்துச் சான்றிதழ் கொடுக்க வந்த சர்வேயர் முன்னால் கிரேன் தன் முழுப் பாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் அன்று சாயங்காலமே ஊருக்குத் திரும்ப வேண்டியவர். ரிக்கர் இல்லாமல் ஒரு கிலோவைக்கூட அந்தக் கிரேன் தூக்காது. பாரத்தை எப்படித் தூக்குவது என்று எழுதிய லிஃப்ட் பிளானில் ஃபோர்மேன் கையெழுத்து வேண்டும், அது என் கையெழுத்து. ரகுநாத் எங்களுக்குப் பாடம் புகட்டும் அவசரத்தில் இதை மறந்துவிட்டார்.

"அண்ணே, பயமாத்தான் கீது" என்றான் சேகர். "ஆனா உள்ள போய் சாரி கேளுன்னு மட்டும் சொல்லாத."

"கேக்குறவன நானே வுட மாட்டேன்" என்றேன்.

பத்து மணிக்கு ரகுநாத் பாஸ் கட்டோடு வந்தார். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் கிறிஸ் குரல், ரிக்கர்கள் எங்கே, ரிக்கர்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாம் வரிசையா வாங்க" என்றார்.

ஒருத்தனும் அசையவில்லை. நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை, சத்தியமாக.

"காது கேக்கலையா? கான்ட்ராக்ட், உள்ள வாங்க."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல சார்" என்றான் தேசப்பன்.

ரகுநாத் என்னைப் பார்த்தார். "பாஸ்ல பேரு கீது, ஊரு கீது. நீங்க கையெய்த்து போட்டதுதான். படிச்சிக் கூப்புடுங்க சார்" என்றேன். வாக்கி டாக்கி மறுபடி கத்தியது. அவர் அதன் சத்தத்தைக் குறைத்தார். முதல் பாஸைத் திருப்பினார்.

"சேகர்." கொஞ்சம் நிறுத்தி, "சடையங்குப்பம்."

"வரேன் சார்" என்று சேகர் உள்ளே போனான்.

"தேசப்பன், முகத்துவாரக்குப்பம்." "கௌதம், வியாசர்பாடி." மணலி புதுநகர், திருவொற்றியூர் என்று பதினாறு பேரையும் படித்தார். லாரி டிரைவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கட்டு தீர்ந்துவிட்டது. என் பாஸ் அதில் இல்லை.

"உங்களுது அப்புறம். நீங்க என் ரூமுக்கு வாங்க" என்றார்.

இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் ஆட்கள் உள்ளே போய்விட்டார்களே, அதுவே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் உள்ளே போன பதினாறு பேரும் கேட்டைத் தாண்டிப் பத்தடியில் அப்படியே நின்றிருந்தார்கள். சேகர் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"ராயபுரம் வெளிய நிக்குது சார். அது வராம நாங்க இன்னாத்த தூக்குறது?"

ரகுநாத் நின்றார். எங்களைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து என் பாஸை எடுத்து, கேட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பிலோமின்ராஜ், ராயபுரம்."

"உள்ளேன் ஐயா" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

லோட் டெஸ்ட் மதியத்துக்குள் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வருடம் ஆண்டு விழாவில் ஃபுட்பால் இல்லை, மியூசிக்கல் சேர் வைத்தார்கள். நாங்களும் கான்ட்ராக்டாகவேதான் இருந்தோம், நான் அப்படியேதான் ஓய்வும் பெற்றேன். ஆனால் கேட்டில் மட்டும் அன்றிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எவனாவது உங்களை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதீர்கள். வேலை நடக்க வேண்டுமென்றால் அவன் சரியாகக் கூப்பிட்டே ஆக வேண்டும். அதுவரை வெளியே நிற்க வேண்டியிருக்கும், நில்லுங்கள். கூட நிற்க ஆள் சேர்த்துக்கொண்டு நில்லுங்கள்.